விட்டுப்போன முதல் வரி

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதம் நடந்தது இது. அப்போது நான் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு சிறிய அலுவலகத்தில் ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஊர் ஊராகக் கிணற்று நீரை எடுத்துப் பரிசோதித்து, முடிவை அந்தந்த வீட்டுக்காரருக்குக் கடிதமாக அனுப்புவதுதான் எங்கள் திட்டம். நான் சாவகச்சேரிக்காரி. தினமும் காலையில் பஸ் ஏறி நகரத்துக்கு வந்து பின்னேரம் திரும்பிப் போவேன். பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படித்தவள் என்பதால் போத்தலையோ கிணற்றுக் கயிற்றையோ நான் தொடவேண்டி இருக்கவில்லை. என் வேலை முழுவதும் கணினியில்தான்.

தோட்டம் செய்கிற ஊர்களில் கிணற்று நீரில் நைட்ரேட் சேருவது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பயிருக்குப் போடும் பசளை மழையோடு நிலத்துக்குள் இறங்கி, சுண்ணக்கல் இடுக்குகள் வழியே கிணற்றுக்கு வந்துவிடும். பெரியவர்களுக்கு அதனால் உடனே ஒன்றும் தெரியாது. பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைகளுக்குத்தான் ஆபத்து. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய், உதடும் நகமும் நீலம் பாரித்துவிடும். தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் நைட்ரேட் போகாது. லீற்றருக்கு ஐம்பது மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கொடுக்கவேண்டாம் என்று கடிதத்தில் சிவப்பு எழுத்தில் அச்சடிப்போம். குறைவாக இருந்தால் பச்சை எழுத்து.

அந்தக் கடிதங்களைத் தயாரிக்கும் புரோகிராமை எழுதியது நான். எழுதி முடித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. அதற்கு முன் ஒருவர் இரண்டு நாள் இருந்து தட்டச்சு செய்த வேலையை அது சில விநாடிகளில் முடித்துவிடும்.

அது எப்படி வேலை செய்தது என்று சொன்னால்தான் நான் விட்ட பிழை விளங்கும். ஆய்வுகூடத்து இயந்திரம் ஒவ்வொரு முறையும் ஒரு கோப்பைத் தரும். வெறும் எழுத்துக் கோப்பு. மேலே ஒரு தலைப்பு வரி. அதற்குக் கீழே வரிக்கு ஒரு போத்தல்: முதலில் போத்தல் இலக்கம், ஒரு காற்புள்ளி, பிறகு நைட்ரேட் அளவு. கடைசி வரி எந்தக் கிணற்றினுடையதும் அல்ல. இயந்திரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, காய்ச்சி வடித்த நீரை ஒரு போத்தலில் வைத்து அளப்பார்கள். அதன் அளவு ஏறக்குறைய பூச்சியமாக இருக்கும்.

தலைப்பில் இருப்பவை சொற்கள். எண் வரவேண்டிய இடத்தில் சொல் வந்தால் புரோகிராம் நின்றுவிடும். ஆகவே முதல் வரியைத் தாண்டிவிடு என்று எழுதியிருந்தேன். எனக்குத் தேவை அளவு மட்டுமே என்பதால், இரண்டாவது நிரலை, அதாவது காற்புள்ளிக்குப் பிறகு வருவதை, மட்டும் எடு என்றும் எழுதியிருந்தேன். போத்தல் இலக்கத்தை நான் வாசிக்கவே இல்லை. எடுத்த எண்கள் எல்லாம் வரிசையாக ஒரு பட்டியலுக்குள் போய் உட்காரும். வீட்டுக்காரரின் பெயர்கள் அதே ஒழுங்கில் இன்னொரு கோப்பில் இருக்கும். முதலாவது பெயருக்கு முதலாவது எண், இரண்டாவது பெயருக்கு இரண்டாவது எண். பெயர்கள் முடிந்ததும் புரோகிராம் நின்றுவிடும். மிஞ்சுகிற காய்ச்சி வடித்த நீரின் எண்ணை எவரும் தொடமாட்டார்கள்.

ஐந்து மாதம் ஒரு பிழையும் இல்லாமல் ஓடியது. மாசியில் உரும்பிராய் புதிதாகச் சேர்ந்தது. இருபத்துநான்கு கிணறுகள். ஆய்வுகூடத்து அக்கா கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினார். நான் வழக்கம்போல இணைப்பை மட்டும் இறக்கி, புரோகிராமை ஓடவிட்டு, இருபத்துநான்கு கடிதங்களையும் அச்சடித்துத் தபாலில் சேர்ப்பித்தேன். மின்னஞ்சலில் அவர் எழுதியிருந்த இரண்டு வரிகளைப் படிக்கவில்லை.

கடிதம் போய் மூன்றாம் நாள் அலுவலகத் தொலைபேசி அடித்தது. திட்டத்துக்குப் பணம் தரும் வெளிநாட்டு ஆட்களுக்குக் காட்டுவதற்காகப் படங்கள் தயாரித்துக்கொண்டிருந்த அவசரத்தில் நான்தான் எடுத்தேன். உரும்பிராயில் இருந்து ஒரு பெண். மூன்று மாதக் குழந்தை இருக்கிறது என்றார். பிரசவத்துக்குப் பிறகு சுகயீனமாகி, தாய்ப்பால் வற்றிப்போய், பால்மாதான் கொடுக்கிறாராம். தண்ணீர் பரிசோதனை முடிவு வரும்வரை கிணற்றுத் தண்ணீர் பாவிக்கவேண்டாம் என்று, பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வரும் குடும்பநல மாது சொல்லியிருந்ததால், சந்தியில் உள்ள பொது நீர்த்தாங்கியில் போய்க் கானில் தண்ணீர் எடுத்துவருகிறார்களாம்.

"மிஸ், கடதாசியிலை எங்கடை கிணத்துக்குச் சைபர் தசம் ரெண்டு எண்டு கிடக்கு. உது சரியோ?"

"ஓம் அக்கா. நல்ல தண்ணி. சந்தோசப்படுங்கோ."

"இல்லை மிஸ், எங்கடை கிணறு வெங்காயத் தோட்டத்துக்கை கிடக்கு. சுத்திவர உருளைக்கிழங்கும் வைச்சிருக்கினம். நாங்கள் போன மாசமும் யூரியா போட்டனாங்கள். போட்டதெல்லாம் எங்கை போச்சு?"

நான் சிரித்தேன். ஏளனமாக இல்லைதான். ஆனால் அந்தச் சிரிப்பில் கேள்வியை முடித்துவைக்கும் அவசரம் இருந்தது. "அக்கா, மெசின் அளந்து, கம்பியூட்டர் கணக்குப் பாத்தது. அதிலை பிழை வராது," என்றேன்.

பின்னணியில் குழந்தை சிணுங்குவது கேட்டது.

"அப்ப பிள்ளைக்குக் குடுக்கலாமோ?"

"குடுக்கலாம் அக்கா."

தொலைபேசியை வைத்துவிட்டுப் படங்களுக்குத் திரும்பினேன். அந்த உரையாடல் இரண்டு நிமிடம்கூட இருந்திருக்காது.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் கழிந்தது. அன்று காலையில் உரும்பிராய்க் கிணறுகளை வரைபடத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். கிணற்றுக்கு ஒரு புள்ளி. கூடாத தண்ணீர் என்றால் சிவப்பு, நல்லது என்றால் பச்சை. ஊரின் ஒரு பக்கத்தில் ஏழெட்டுச் சிவப்புப் புள்ளிகள் நெருங்கி நின்றன. அவற்றின் நடுவில் தன்னந்தனியாக ஒரு பச்சை. படம் பார்க்க வடிவாக இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தப் பச்சைப் புள்ளியின் மேல் சுட்டியைக் கொண்டுபோனபோது 0.2 என்று காட்டியது. அப்போதுதான் அந்தப் பெண்ணின் குரல் நினைவுக்கு வந்தது. போட்டதெல்லாம் எங்கை போச்சு?

சுற்றியிருக்கும் எல்லாத் தோட்டத்துப் பசளையும் கிணறுகளுக்குள் போயிருக்க, நடுவில் இருக்கும் ஒரு கிணற்றுக்கு மட்டும் போகாமல் விட்டது எப்படி?

ஆய்வுகூடம் தந்த கோப்பைத் திறந்தேன். புரோகிராமுக்குள் அல்ல, சாதாரணமாக, எழுத்தாகத் திறந்தேன். ஐந்து மாதத்தில் ஒரு கோப்பைக் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை. மேலே தலைப்பு வரி இல்லை. முதல் வரியே எண்ணில் தொடங்கியது: ஒன்று, காற்புள்ளி, அறுபத்தொன்று.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஆனாலும் நம்பாமல் திரையில் விரல் வைத்து ஒவ்வொரு வரியாக எண்ணினேன். தலைப்பு என்று நினைத்து என் புரோகிராம் தாண்டிப்போனது முதலாவது வீட்டின் எண்ணை. ஆகவே முதலாவது வீட்டுக்கு இரண்டாவது வீட்டின் எண் போயிருக்கிறது. இரண்டாவதுக்கு மூன்றாவது. இப்படியே ஒவ்வொருவருக்கும் அடுத்த வீட்டின் தண்ணீர். இருபத்துநான்காவது வீட்டுக்குக் கிடைத்தது காய்ச்சி வடித்த நீரின் எண். எல்லாம் கச்சிதமாக இருபத்துநான்கில் முடிந்ததால் புரோகிராமுக்கும் சந்தேகம் வரவில்லை. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் போத்தல் இலக்கம் இருந்தது. அதைத் தேவையில்லை என்று எறிந்தது நான்.

இருபத்துநான்காவது வீட்டின் உண்மையான அளவு தொண்ணூற்றாறு.

மின்னஞ்சலைத் திறந்தேன். "இயந்திரத்துக்குப் புதுக் கணினி பூட்டியிருக்கு. இனிக் கோப்பில் தலைப்பு வரி வராது, கவனிக்கவும்," என்று ஆய்வுகூடத்து அக்கா தெளிவாக எழுதியிருந்தார்.

பெயர்க் கோப்பில் இருந்த அந்தப் பெண்ணின் தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி எடுத்தேன். நான்காவது தடவையும் எடுக்காதபோது, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கைப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி, ஓட்டோ ஒன்றை மறித்தேன். உரும்பிராய் போய்ச் சேரும்வரை ஓட்டோவுக்குள் இருந்தபடியே எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒழுங்கையின் முடிவில் வீடு. படலை சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு வந்தார்.

"அவையள் இல்லைப் பிள்ளை. காலமை குழந்தைக்குச் சத்தி. வயித்தாலையும் போனது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போட்டினம்."

வாந்தியும் வயிற்றுப்போக்கும் என்று கேட்டதுமே திரும்பி ஓடினேன். ஓட்டோவில் ஏறி, "அண்ணை, திரும்ப ரவுனுக்கு விடுங்கோ. ஆஸ்பத்திரிக்கு. கெதியா," என்றேன். ஓட்டோக்கார அண்ணை கண்ணாடிக்குள் என்னைப் பார்த்து, "உங்கடை சொந்தக்காரரோ?" என்று கேட்டார். "கெதியாப் போங்கோ அண்ணை," என்றேன் மறுபடியும். அவர் வேகத்தைக் கூட்டினார்.

குழந்தைகள் வார்ட்டில் தாதியிடம் உரும்பிராய்க் குழந்தை என்று விசாரித்து உள்ளே போனேன். குழந்தையின் தாயை நான் அதுவரை பார்த்ததில்லை. என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். கட்டில் ஓரத்தில் இருந்தார். குழந்தை சோர்ந்து கிடந்தது. கணவர் சுவரோடு சாய்ந்து நின்றார். நான் குழந்தையின் உதட்டைத்தான் பார்த்தேன். அது நீலமா, அல்லது என் பயம்தான் அப்படிக் காட்டுகிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் யார் என்று சொன்னேன். கடிதத்தில் இருந்த எண் உங்கள் கிணற்றினுடையது இல்லை, பிழை நடந்துவிட்டது, அந்தத் தண்ணீர் குழந்தைக்குக் கூடாது என்று சொன்னேன். வாக்கியங்கள் ஒழுங்காக வரவில்லை.

"நான் கொதிக்க வைச்சுத்தான் குடுத்தனான்," என்றார் அவர்.

கொதிக்கவைத்தால் போகாது என்பதை அந்த நேரத்தில் அவருக்குச் சொல்லவேண்டியிருந்தது. என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகக் கஷ்டமான வசனம் அது.

பணியில் இருந்த பெண் வைத்தியரிடம் போனேன். அவர் வயிற்றுப்போக்கு என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் எழுந்து வந்து குழந்தையின் நகங்களையும் வாயின் உட்புறத்தையும் வெளிச்சம் பிடித்துப் பார்த்தார். விரலில் ஒரு கருவியை மாட்டினார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"தண்ணியிலை எவ்வளவு?"

"தொண்ணூற்றாறு, டொக்டர்."

"இந்த நம்பர் சரிதானே?"

ஒன்பது நாளுக்கு முன் இதே மாதிரியான கேள்விக்கு நான் யோசிக்காமல் பதில் சொல்லியிருந்தேன். இந்த முறை அப்படிச் சொல்லவில்லை. "ஒரு நிமிசம்," என்றுவிட்டு ஆய்வுகூடத்து அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். கணினியில் பார்க்கவேண்டாம், அன்றைக்குக் கையால் எழுதிய கொப்பி இருந்தால் அதைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. போத்தலில் ஒட்டியிருந்த பெயரையும் சேர்த்து வாசித்தார். இருபத்துநான்காம் போத்தல், இந்த வீடு, தொண்ணூற்றாறு. வைத்தியரிடம் அதைச் சொன்னேன். அவர் இரத்தம் எடுத்து அனுப்பினார்.

முடிவு வர ஒன்றரை மணித்தியாலம் ஆனது. நான் வார்ட்டுக்கு வெளியே நடைபாதையில் இருந்த வாங்கில் உட்கார்ந்திருந்தேன். கணவர் வெளியே வந்து என் முன்னால் நின்றார். தோட்ட வேலை செய்து கறுத்த, மெலிந்த மனிதர். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். மெல்லிய குரலில்தான் சொன்னார்.

"நீங்கள் கடதாசியிலை அடிச்சு அனுப்பிப்போட்டு இருப்பியள். குடிக்கிறது என்ரை பிள்ளை."

அவர் திரும்பி உள்ளே போய்விட்டார்.

அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் நான் நினைத்ததையெல்லாம் எழுதமுடியாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். கணினிப் பிழை என்று வைத்தால் ஆறுதலாக இருக்கும் என்று என் மனம் திரும்பத் திரும்ப அந்தப் பக்கம் போனது. ஆனால் கணினி நான் சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்திருந்தது. முதல் வரியைத் தாண்டு என்றேன், தாண்டியது. தலைப்புத்தானா என்று பார்த்துவிட்டுத் தாண்டு என்று நான் எழுதவில்லை. குழந்தையின் தாய் அன்று தொலைபேசியில் கேட்டபோது, அவரிடம் என்னிடம் இல்லாத ஒரு தகவல் இருந்தது. தன் நிலத்துக்குத் தான் என்ன போட்டார் என்பது அவருக்குத் தெரியும். அதை நான் சிரித்துத் தள்ளிவிட்டேன்.

வைத்தியர் முடிவோடு வந்தார். "இரத்தத்திலை நைட்ரேட்டின்ரை பாதிப்புக் கொஞ்சம் கூடத்தான். ஆனா மருந்து தேவைப்படுற அளவுக்கு இல்லை. தண்ணியை மாத்தினால் தானா இறங்கும். வயித்தோட்டத்துக்குத்தான் ரெண்டு மூண்டு நாள் வைச்சுப் பாக்கவேணும்," என்றார். பிறகு தாயிடம், வயிற்றுப்போக்கும் சேர்ந்த நேரத்தில் இந்தத் தண்ணீரைத் தொடர்ந்து கொடுத்திருந்தால் நிலைமை வேறாகியிருக்கும் என்று விளக்கினார். தாய் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வைத்தியர் போன பிறகு அவர் என்னைப் பார்த்தார்.

"நான் அண்டைக்குக் கேட்டனான் தானே."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் வெறுமனே ஞாபகப்படுத்துவதுபோலச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஓம் அக்கா, கேட்டனீங்கள். நான் பாக்கேல்லை," என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அவர் என்னைத் தேற்றவில்லை. தேற்றவேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. குழந்தையின் போர்வையைச் சரிசெய்தபடி கேட்டார்.

"மற்ற ஆக்களுக்குச் சொல்லிப்போட்டியளோ?"

அந்த நிமிடம்வரை எனக்கு இந்த ஒரு வீடுதான் மனதில் இருந்தது.

"ஊரின்ரை மற்றப் பக்கத்திலை பிள்ளைத்தாச்சி ஒராள் இருக்கிறா. அவவுக்கும் பச்சைக் கடதாசிதான் வந்தது. இதிலை இருந்து அழுதுகொண்டிராமல் போங்கோ தங்கச்சி. முதல்லை அவவிட்டைப் போங்கோ."

மிஸ் என்று கூப்பிட்டவர் தங்கச்சி என்றார். அன்று நான் அதைக் கவனிக்கவில்லை. பிறகுதான் நினைத்துப் பார்த்தேன்.

பொழுதுபட முன்னம் அந்தக் கர்ப்பிணிப் பெண்ணின் வீட்டுக்குப் போய்விட்டேன். ஆய்வுகூடத்து அக்காவிடம் மறுபடி கேட்டதில், அவருடைய உண்மையான அளவு எழுபதுக்கு மேல். இன்றைக்கே நிறுத்துங்கள், நாளைக்குச் சரியான கடிதத்தோடு வருகிறேன் என்று சொல்லி, நல்ல தண்ணீருக்கு என்ன வழி என்று பக்கத்து வீட்டாரோடு கதைத்து ஒழுங்கு செய்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

மறுநாள் எங்கள் பொறுப்பதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திருத்திய கடிதங்களைத் தபாலில் அனுப்பலாம் என்றார். வீடு வீடாக நானே போகிறேன் என்றேன். சிறிது யோசித்துவிட்டுச் சம்மதித்தார். "ஆனா தொழினுட்பக் கோளாறு எண்டு மட்டும் சொல்லுங்கோ. கனக்க விளக்கப் போனால் ஒருத்தரும் இனி எங்களை நம்பாயினம்," என்றார்.

முதல் வீட்டில் அப்படியே சொன்னேன். வீட்டுக்கார ஐயா கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "மெசினுகள் அப்பிடித்தான் பிள்ளை, எந்த நேரம் என்ன செய்யுமெண்டு சொல்லேலாது," என்று எனக்கே ஆறுதல் சொன்னார். படலையைத் தாண்டி வெளியே வந்ததும் எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது. அந்த இயந்திரம் ஒவ்வொரு துளியையும் சரியாக அளந்திருந்தது. நான் செய்ததற்கு அது பேச்சு வாங்கிக்கொண்டு நின்றது. இரண்டாவது வீட்டில், "நான்தான் பிழை விட்டனான். கோப்பைத் திறந்து பாக்காமல் அடிச்சு அனுப்பிப்போட்டன்," என்று சொன்னேன். அதற்குப் பிறகு எல்லா வீட்டிலும் அதையேதான் சொன்னேன். முதல் வீட்டுக்கும் திரும்பிப் போய்ச் சொன்னேன்.

ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி. சிலர் தேநீர் தந்தார்கள். ஒரு பெண் கடிதத்தை என் கண்முன்னாலேயே நான்காகக் கிழித்தார். ஒரு வீட்டில் வயதான தம்பதி. அவர்களுக்குச் சிவப்புக் கடிதம் போயிருந்தது. உண்மையில் அவர்கள் கிணறு நல்ல கிணறு. அத்தனை நாளும் அந்த ஐயா சைக்கிளில் இரண்டு கான்களைக் கட்டிக்கொண்டு சந்தித் தாங்கிக்குப் போய்வந்திருக்கிறார். கால் மணித்தியாலம் என்னை நிற்கவைத்துப் பேசினார். நான் தலையைக் குனிந்து நின்றேன். பேசி முடித்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார், ஒரு வாளி அள்ளினார், என்னைப் பார்த்துக்கொண்டே செம்பில் வார்த்து மடக்மடக்கென்று குடித்தார். "என்ரை கிணத்துக்கு நீர் பழி சொன்னனீர்," என்றார். அதைச் சொல்லும்போது அவருடைய கோபம் பாதி இறங்கிவிட்டது. எனக்கும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

இரண்டு நாளில் இருபத்துநான்கு வீடும் முடிந்தது. மூன்றாம் நாள் புரோகிராமைத் திருத்தினேன். போத்தல் இலக்கத்தையும் வாசித்து, பெயரோடு பொருத்திப் பார்த்துத்தான் இப்போது எண் ஏறும். முதல் வரியில் சொற்கள் இருந்தால் மட்டும் அது தாண்டும். காய்ச்சி வடித்த நீர் தன் இடத்தில் இல்லாவிட்டால், ஒரு கடிதமும் அச்சாகாமல் நின்றுவிடும். பத்துப் பதினைந்து வரிகள்தான். முதல் நாளே எழுதியிருந்தால் ஒரு மணித்தியாலம்கூட ஆகியிருக்காது. கடிதத்தின் அடியிலும் ஒரு வசனம் சேர்க்கவேண்டும் என்று பொறுப்பதிகாரியிடம் அடம்பிடித்தேன்: இந்த அளவு உங்களுக்குப் பொருத்தமாகத் தெரியாவிட்டால் தயவுசெய்து கூப்பிட்டுச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு நிறைய அழைப்புகள் வந்தன. பெரும்பாலானவற்றில் எங்கள் எண்தான் சரியாக இருந்தது. ஒரு தடவை போத்தல்கள் இரண்டு மாறிப்போனதை ஒரு வீட்டுக்காரர்தான் கண்டுபிடித்தார்.

குழந்தை மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனது. நான் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போனேன். கணவர் என்னோடு கதைக்கவில்லை. அது நியாயம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அடுத்த வருடம் நீர் எடுக்கும் குழுவோடு நானும் உரும்பிராய்க்குப் போனேன். அதற்குள் நான் போத்தலையும் கயிற்றையும் தொடப் பழகியிருந்தேன். அந்த வீட்டுக் குழந்தை கதிரையைப் பிடித்துக்கொண்டு நடந்தது. குடிக்கவும் சமைக்கவும் அவர்கள் இப்போதும் தாங்கித் தண்ணீரைத்தான் எடுக்கிறார்கள். கணவர் தோட்டத்தில் இருந்து பார்த்துவிட்டுத் தலையை மட்டும் அசைத்தார். அக்கா உள்ளே போய் ஒரு கொப்பியைக் கொண்டுவந்து எனக்குக் காட்டினார். எங்கள் கடிதங்களில் வந்த எண்களைத் திகதி போட்டு எழுதி வைத்திருந்தார். தன் கிணற்றை மட்டுமல்ல, அயலில் உள்ள ஏழு கிணறுகளின் எண்களையும் கேட்டு வாங்கி எழுதியிருந்தார். பக்கத்தில் எப்போது மழை பெய்தது என்றும் ஒரு நிரல்.

"உங்களை நம்பாமல் இல்லைத் தங்கச்சி," என்றார். "மழை விட்டால் எல்லாற்றை கிணத்திலையும் கூடவேணும். இந்த முறை எல்லாத்திலையும் கூடியிருக்கு. அப்ப சரி."

கொப்பியை வாங்கி முழுவதும் பார்த்தேன். என் கணினியில் இருந்த கோப்பைவிட அதில் ஒரு நிரல் கூட இருந்தது. மழைத் திகதிகளைப் படமெடுக்கலாமா என்று கேட்டேன். சம்மதித்தார்.

அந்த வேலையை விட்டு இப்போது வேறொரு இடத்தில் இருக்கிறேன். கோப்புகள் இன்னும் பெரியவை, எண்கள் இலட்சக்கணக்கில். என்றாலும் யாராவது தயங்கித் தயங்கி "இது சரியோ?" என்று கேட்கும்போது, ஓம் என்று சொல்லும் முன் கோப்பைத் திறந்து முதல் வரியில் இருந்து ஒருமுறை பார்த்துவிடுகிறேன். அந்த நேரத்திலெல்லாம், நீலமா இல்லையா என்று என்னால் சொல்லமுடியாமல் போன ஒரு சின்ன உதடு என் கண்முன் வந்துபோகிறது.